நிலத்தை விற்கும் முன் அந்த மெழுகுக் கட்டியைக் கேளுங்கள்

கேள்வி:

என் அண்ணனுக்கு 43 வயது. மளிகைக்கடை வைத்திருக்கிறார். சில மாதமாக ரத்தசோகை என்று சத்து மாத்திரை சாப்பிட்டுவந்தார். ஒருநாள் வயிறு உப்பி வாந்தி நிற்காமல் போகவே தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். குடல் அடைப்பு என்று அன்றிரவே ஆபரேஷன். பெருங்குடலின் வலப்பக்கம் புற்றுநோய், கல்லீரலில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது, நான்காம் ஸ்டேஜ் என்றார்கள். ஒரு கீமோ முடிந்திருக்கிறது. ட்ரிப்ஸும் அதோடு 14 நாள் கேப்சிட்டபைன் மாத்திரையும். எட்டாம் நாளிலிருந்து வாயெல்லாம் புண், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பேதி. கீமோ என்றால் அப்படித்தான் என்கிறார்கள். இதற்கிடையே என் கணவரின் நண்பர் ஒருவர், 'ஜீன் டெஸ்ட் எடுத்தால் அவருக்கென்றே பொருந்துகிற மருந்து தெரிந்துவிடும், கீமோவே வேண்டாம்' என்கிறார். இரண்டே முக்கால் லட்சமாம். அரை ஏக்கர் நிலம் இருக்கிறது, விற்றுவிடலாம் என்று அண்ணி சொல்கிறார். அமெரிக்காவில் ஒரு மருந்தில் எல்லோருக்குமே குணமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வீடியோவும் வந்தது. அம்மாவையும் 49 வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோம். இன்னொரு தடவை தாங்க முடியாது, டாக்டர். என்ன செய்யட்டும்?

— ஒரு தமிழாசிரியை (வயது 39), மயிலாடுதுறை மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

நிலத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பேதி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போவதை 'அப்படித்தான்' என்று விடக்கூடாது. மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை அது. உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இதைச் சொல்லியனுப்பினேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

கேப்சிட்டபைன் உடம்புக்குள் போனதும் 5-எஃப்.யு. என்ற பழைய கீமோ மருந்தாக மாறும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் சிதைத்து வெளியே தள்ளுவது டி.பி.டி. என்ற நொதி. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. மற்றவர்களுக்குச் சரியாக இருக்கிற டோஸ் இவர்களுக்கு உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும். அதனால்தான் மருந்தைத் தொடங்கும் முன்பே இந்தக் குறைபாட்டைச் சோதிக்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. நம் பக்கம் அந்த வழக்கம் இன்னும் எல்லா இடத்துக்கும் வரவில்லை. உங்கள் அண்ணனின் பேதிக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கீமோவுக்கு உட்காரும் முன், 'டி.பி.ஒய்.டி. டெஸ்ட் எடுக்கலாமா, டோஸைக் குறைக்கலாமா' என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள் (அந்த நொதிக்கான ஜீனின் பெயர்தான் டி.பி.ஒய்.டி.). அவருக்கென்றே பொருந்துகிற வைத்தியம் என்று நண்பர் சொன்னாரே, அது இங்கேதான் தொடங்குகிறது: கையில் இருக்கிற மருந்தை அவர் உடம்பு தாங்குகிற அளவில் கொடுப்பதில்.

சரி, இரண்டே முக்கால் லட்சத்துக்கு வருகிறேன்.

அன்றிரவு ஆபரேஷனில் வெட்டியெடுத்த குடல் துண்டு என்னவானது என்று யோசித்திருக்கிறீர்களா? பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம். அது அந்த ஆஸ்பத்திரியின் பேதாலஜி லேபில் ஒரு அலமாரியில் இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் தட்டு. அதில் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் விரல் நகம் அளவுக்குத் திசு. ஓரத்தில் உங்கள் அண்ணனின் பயாப்சி எண். நாங்கள் அதை 'பிளாக்' என்போம். வருஷக்கணக்கில் கெடாது. வேறு இடத்தில் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் பிளாக்கையோ, அதிலிருந்து வெட்டிய ஸ்லைடுகளையோ தருவார்கள்.

அந்த மெழுகுக் கட்டியிலிருந்து மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் அள்ளி, சாயம் ஏற்றுவார்கள். உங்கள் அண்ணனுக்கு நான் முதலில் கேட்பது இந்த முறையில் நான்கு சாயங்கள்: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. மொத்தமாக 'எம்.எம்.ஆர். ஐ.எச்.சி.' என்று எழுதுவோம். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சோதனை. ஒருவேளை ஏற்கெனவே செய்து ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

அது என்ன சொல்லும்? நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு எளிதாகப் புரியும். ஒரு செல் இரண்டாகும்போது தன்னிடமுள்ள சுமார் 600 கோடி எழுத்துகளையும் பார்த்து எழுதிப் பிரதி எடுக்கிறது. எழுத்துப்பிழை வராமல் இருக்குமா? கூடவே உட்கார்ந்து சிவப்பு மையால் திருத்துகிற வேலை அந்த நான்கு புரதங்களுக்கு. அவற்றில் ஒன்று போய்விட்டால் நோட்டு முழுக்கப் பிழை மண்டும். பிழை பெருகித்தான் புற்றுநோய் வருகிறது. ஆனால் அதே பிழைதான் அதைக் காட்டியும் கொடுக்கிறது: இத்தனை தப்பும் தவறுமாக எழுதப்பட்ட செல் வெளியே நீட்டுகிற புரதங்கள் விசித்திரமாக இருப்பதால், நம் நோய் எதிர்ப்புச் செல்கள் 'இது நம் வீட்டு ஆள் இல்லையே' என்று சூழ்ந்துகொள்கின்றன. புற்றுநோய் அவற்றுக்கு ஒரு பிரேக் போட்டு நிறுத்திவைத்திருக்கும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அந்தப் பிரேக்கை எடுத்துவிடுகின்றன.

மைக்ரோஸ்கோப்பில் இது அழகாகத் தெரியும். திருத்தும் புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகச் சாயமேறும். போய்விட்டது என்றால், நடுவே புற்றுநோய்ச் செல்கள் எல்லாம் வெறும் நீலமாக நிற்க, அவற்றுக்கு இடையில் அங்கங்கே நுழைந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் மட்டும் பழுப்புப் புள்ளிகளாக இருக்கும். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லை.

அப்படி வந்தால் வைத்தியமே மாறிவிடும். இப்படிப் பிழை மண்டிய, பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள 307 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2020இல் வந்தது. நோய் மறுபடி முற்றாமல் இருந்த காலம் கீமோவில் சராசரியாக 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம். நிவோலுமாபோடு இபிலிமுமாபையும் சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. இரண்டு வருஷம் கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் அந்தப் பக்கம் 100க்கு 72 பேர், கீமோ பக்கம் 14 பேர். இதிலும் கைகொடுக்காதவர்கள் உண்டு. பெம்ப்ரோலிசுமாப் போட்டவர்களில் கணிசமானவர்களுக்கு முதல் சில மாதத்திலேயே நோய் கீமோவைவிட வேகமாக முற்றியது. அதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

உங்களுக்கு வந்த வீடியோவும் இதே கதைதான். அது பொய் இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை ஆறு மாதம் போட்டுக்கொண்ட 12 பேருக்கும் கட்டி இருந்த சுவடே இல்லாமல் மறைந்தது, 2022இல் வெளியிட்டார்கள். 2025 வாக்கில் அந்த எண்ணிக்கை 49 ஆனது, அந்த 49 பேருக்கும் மறைந்தது. எங்கள் துறையில் அதற்கு முன் நூற்றுக்கு நூறு என்று ஒரு பட்டியலை யாரும் பார்த்ததில்லை. ஆனால் வீடியோவில் சொல்லாமல் விட்டது இரண்டு. எல்லோருக்கும் மலக்குடல் புற்றுநோய், அது வேறு உறுப்புக்குப் பரவாத நிலை. இரண்டாவது, எல்லோருமே அந்த நான்கு சாய டெஸ்ட்டில் 'பிழை மண்டியவர்கள்' என்று முன்பே பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள்.

உங்கள் அண்ணன் அந்த வகையா? பெருங்குடல் புற்றுநோய் மொத்தத்தில் 100க்குச் சுமார் 15 பேர் அப்படி. பரவிய நிலையில் வருகிறவர்களில் நாலைந்து பேர்தான். ஆனால் 43 வயது, வலப்பக்கக் கட்டி, அப்புறம் நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் ஒன்று, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு வாய்ப்பு அதைவிடக் கூடுதல். அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நான்கும் பழுப்பாகவே வந்தால்? மனம் தளர வேண்டாம், பாதிக் கதவுதான் மூடியது. அதே பிளாக்கில் ராஸ், பிராஃப் என்ற இரண்டு ஜீன்களைப் பார்க்கச் சொல்வேன். ராஸ் ஜீன் மாறியிருந்தால் செடுக்சிமாப் என்ற விலை கூடிய ஊசி வேலை செய்யாது. 2008இல் உறுதியான விஷயம். நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ராஸ் மாறித்தான் இருக்கிறது. இந்த ஒரு வரி ரிப்போர்ட் அவ்வளவு பேரையும் வீண் செலவிலிருந்தும் முகமெல்லாம் கொப்புளிக்கிற பக்கவிளைவிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் அண்ணனுக்குக் கட்டி வலப்பக்கம் என்பதால், ராஸ் நன்றாக இருந்தாலும் தொடக்கத்திலேயே செடுக்சிமாபில் பெரிய பலன் இராது. ஜீனைப் பார்த்து மருந்து தருகிற இந்த வைத்திய முறை இதுவரை செய்த நன்மையில் பெரும்பங்கு இப்படி 'இது உனக்கு வேண்டாம்' என்று சொன்னதுதான். அதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

பிராஃப் வேறு பாடம் சொல்லும். அந்த ஜீனில் ஒரே ஒரு இடத்தில் வரும் ஒரு மாற்றம், தோலில் வரும் மெலனோமா புற்றுநோயிலும் உண்டு, குடலிலும் உண்டு. தோலில் கட்டியைக் கரைத்த மாத்திரையைக் குடலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. குடல் செல்லில் அந்த வழியை அடைத்ததும் பக்கத்திலிருக்கிற வேறொரு வழி திறந்துகொள்கிறது என்று 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையில் ஏறுகிற மாதிரி. அதனால் இப்போது இரண்டு மடையையும் சேர்த்து அடைக்கிறோம், பிராஃபை அடைக்கிற என்கோரஃபெனிபும் பக்கத்து வழியை அடைக்கிற செடுக்சிமாபும் ஒன்றாக. நண்பர் சொல்வதுபோல 'ஜீனைப் பார், மருந்தை எடு' என்று பூட்டுக்குச் சாவி போடுகிற வேலையாக இது இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி!

பிரான்சில் இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்தார்கள். பெயரைக் கேளுங்கள், 'ஷிவா'. வழக்கமான வைத்தியமெல்லாம் தீர்ந்துபோன, பலவகைப் புற்றுநோய் உள்ள 195 பேர். பாதிப் பேருக்கு ஜீன் ரிப்போர்ட் காட்டிய மருந்தை, அது வேறு நோய்க்கென்று வந்ததாக இருந்தாலும், கொடுத்தார்கள். மறுபாதிக்கு டாக்டர் தன் அனுபவத்தில் தேர்ந்தது. 2015இல் வந்த முடிவு: நோய் முற்றாமல் இருந்த காலம் ஜீன் பக்கம் 2.3 மாதம், டாக்டர் தேர்ந்த பக்கம் 2 மாதம். பெரிய வித்தியாசமில்லை. அதற்குப் பிறகு மருந்துகள் கூடியிருக்கின்றன, நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒன்றாகப் பார்க்கும் என்.ஜி.எஸ். டெஸ்டில் ஹெர்2, என்.டி.ஆர்.கே. போன்ற ஜீன்களில் கோளாறு தெரிந்து அரிதாக லாபம் கிடைப்பதும் உண்மை. ஆகவே அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். முதல் வேலை அது இல்லை என்கிறேன். என் ஓ.பி.க்கு ஒருவர் நகையை அடகு வைத்துச் செய்த ரிப்போர்ட்டோடு வந்தார். நாற்பது பக்கத்துக்கு மேல், வண்ண வண்ணப் படங்களோடு. அதில் எனக்கு உபயோகப்பட்டது ராஸ் மாறியிருக்கிறது என்ற ஒரு வரி. அது அவருடைய பழைய ஃபைலிலேயே இருந்தது.

ஆனால் சில நேரம் பூட்டும் சாவியும் பொருந்தியும் இருக்கிறது. குடல், இரைப்பைச் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டிக்குக் கீமோ எதுவும் பலிக்காது. முன்பெல்லாம் ஆபரேஷனுக்கு மீறிப் போனால் கையை விரித்துவிடுவோம். அதில் பெரும்பாலும் கிட் என்ற ஜீன்தான் கோளாறு என்று 1998இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்கென்று வந்துகொண்டிருந்த இமாட்டினிப் மாத்திரை அதே கிட்டையும் அடக்கும். 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில், எல்லா வழியும் அடைபட்ட ஒரு பெண்மணிக்கு அதைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கின. இன்று எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே அந்த மாத்திரையோடு வருஷக்கணக்கில் வயல் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மாத்திரை இங்கே பத்தாயிரத்துக்கும் கீழே கிடைத்தது எப்படி என்றால், இந்தியாவில் அதற்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. இம்யூனோதெரபிக்கு இன்னும் அவ்வளவு விலை இறங்கவில்லை, செலவு பெரிது. கம்பெனிகளின் நோயாளி உதவித் திட்டம் உண்டு. நான்கு சாய டெஸ்ட் சாதகமாக வந்தால் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

'அவருக்கென்றே' மருந்து என்றால் நிஜத்தில் என்ன என்பதற்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே நியூயார்க் மருத்துவமனையில் கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன 16 பேருக்கு, ஒவ்வொருவரின் கட்டியையும் படித்து, அவரவர் கட்டியின் பிழைகளை மட்டும் குறிவைத்துத் தனித்தனித் தடுப்பூசி செய்தார்கள். கோவிட் சமயத்தில் கேள்விப்பட்ட அதே எம்.ஆர்.என்.ஏ. முறை. ஆபரேஷனிலிருந்து முதல் ஊசி போடும்வரை சுமார் ஒன்பது வாரம். 16இல் 8 பேருக்கு நோய் எதிர்ப்புச் செல்கள் அதற்கு விழித்துக்கொண்டன. அந்த எட்டில் பெரும்பாலோருக்கு மூன்று வருஷம் தாண்டியும் நோய் திரும்பவில்லை. கணையத்தில் இது பெரிய விஷயம். ஆனால் 16 பேர்தான். பெரிய சோதனை நடந்துகொண்டிருக்கிறது. எந்த லேபிலும் இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இத்தனை மருந்துக்கு நடுவே ஒன்றை நீங்கள் யாரும் கேட்கவில்லை. கல்லீரலில் இரண்டே இடம் என்றீர்கள். நான்காம் ஸ்டேஜ் என்ற சொல்லைக் கேட்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் அப்படி அர்த்தம் இல்லை. கீமோவில் சுருங்கி, கல்லீரல் சர்ஜன் அந்த இரண்டையும் வெட்டியெடுக்க முடிந்தால், அப்படிச் செய்துகொண்டவர்களில் 100க்குச் சுமார் 40 பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். சிலருக்கு நிரந்தரமாகவே போய்விடுகிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களோடு, கல்லீரல் ஆபரேஷன் வழக்கமாகச் செய்கிற ஒரு பெரிய மையத்தில், அடையாறோ வேலூரோ, கீமோ டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து உட்காருகிற ட்யூமர் போர்டில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால் இந்த வாரமே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். அரை ஏக்கர் அதுவரை அப்படியே கிடக்கட்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் பின்னால் அது வேண்டும்.

இப்போது அந்தக் கடைசி வரி. அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பேச்சில் இரண்டு நோய்க்கும் அதே பெயர்தான். கர்ப்பப்பை வாயில் வந்ததா, உள்சுவரில் வந்ததா? வாயில் வருவது வைரஸால்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்சுவரில் வந்திருந்தால் அம்மாவின் நோயும் அண்ணனின் நோயும் ஒரே வேராக இருக்கலாம். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண்மணி, 'எங்கள் வீட்டில் எல்லோருமே குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் போகிறோம், நானும் அப்படித்தான் போவேன்' என்று வார்தின் என்ற டாக்டரிடம் சொன்னார். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி 1913இல் வெளியிட்டார். இன்று அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். நான்கு திருத்தும் புரதங்களில் ஒன்றின் ஜீன் பிறவியிலேயே பழுது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு.

அம்மாவின் பழைய ரிப்போர்ட் பரணிலோ பீரோவிலோ இருந்தால் தேடி எடுங்கள். அண்ணனின் ஸ்லைடில் ஒரு புரதம் இல்லை என்று வந்து, பிறகு ரத்தத்தில் ஜீன் பழுதும் உறுதியானால், உங்களுக்கும் அண்ணன் பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்களுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு மிகக் குறைவு. பழுது இருப்பவர்கள் இளம் வயதிலேயே தொடங்கி ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி எடுக்க வேண்டும். பெண்கள் மாதவிடாய் தாறுமாறானால் உடனே மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

லிஞ்ச் இல்லை என்றே ஆனாலும் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கூடப் பிறந்தவருக்குப் பெருங்குடல் புற்று வந்த வயதில் பத்தைக் கழித்து, அந்த வயதில் முதல் கொலோனோஸ்கோபி. உங்களுக்கு அது 33இலேயே வந்துபோய்விட்டது. அண்ணனின் அடுத்த கீமோவுக்குப் போகும்போதே நாள் கேட்டு வாங்கிவிடுங்கள், பள்ளிக்கூட விடுமுறையாகப் பார்த்து. முதல்நாள் சாயங்காலம் முழுக்கப் பேதி மருந்து குடிக்க வேண்டியிருக்கும். வகுப்பு வைத்துக்கொண்டு அது நடக்காது.